எய்ம் அசிஸ்ட் பற்றிய ஆணை

பிப்ரவரி 5, திங்கள்

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரான என்னிடம் இன்று வீடியோ கேம் பற்றிய வழக்கு ஒன்று ஒப்படைக்கப்பட்டது. முதல்வர் தம் அறைக்கு அழைத்து, "விதின்னு வந்துட்டா நம்ம காலேஜ்ல உங்கள விட்டா ஆள் கிடையாது, குற்றாலிங்கம்" என்றார். புகழ்ச்சியில் தொடங்கும் பணிகள் பெரும்பாலும் பிறர் மறுத்தவை.

அடுத்த மாதம் திருச்சியில் கல்லூரிகளுக்கிடையே மாநிலப் போட்டி. விளையாட்டு, துப்பாக்கிச் சண்டை, அணிக்கு நால்வர். பல்கலைக்கழகம் இந்த ஆண்டு இதனையும் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அணியில் இடம்பெறுபவருக்கு எம்.சி.ஏ. சேர்க்கையில் முன்னுரிமை கிடைக்கும். ஆகவே இதனை விளையாட்டு என்று ஒதுக்க இயலாது.

மூன்று இடங்களில் தகராறு இல்லை. நான்காவது இடத்திற்கு இருவர், இருவரும் மூன்றாமாண்டு கணினி அறிவியல். பிரணவ் என்பவன் மவுஸும் கீபோர்டும் கொண்டு ஆடுகிறான். பெனிட்டா என்பவள், இரு கைகளாலும் பிடித்துக் கட்டைவிரல்களால் இயக்கும் கண்ட்ரோலர் கொண்டு ஆடுகிறாள். கண்ட்ரோலர் பயன்படுத்துவோருக்குக் குறி பார்ப்பதில் விளையாட்டே சிறிது துணைசெய்கிறது. இதற்கு எய்ம் அசிஸ்ட் என்று பெயர். அது நியாயமற்றது என்பது பிரணவின் புகார். மாநில விதிப் புத்தகம், 'அந்தந்தக் கல்லூரி முடிவு செய்துகொள்ளலாம்' என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டது. இவ்வளவு சோம்பலான விதியை எழுதியவர் எந்தக் கல்லூரியோ தெரியவில்லை.

தேர்வு ஆட்டம் 24ஆம் தேதி. அதற்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

தெரியாத பொருள் பற்றித் தீர்ப்பு எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. மாலையில் கணினிக் கூடத்திற்குச் சென்றேன். கூடப் பொறுப்பாளர் ஐயம்பெருமாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "கண்ட்ரோலருக்கே கண்ட்ரோலர் சொல்லிக்குடுக்க வேண்டிய காலம் வந்துட்டு சார்" என்றார். தேர்வுத் துறையில் என்னை அப்படித்தான் அழைப்பார்கள். நகைச்சுவையை ஏற்றுக்கொண்டு பாடத்தைத் தொடங்கச் சொன்னேன்.

(சுட்டி, விசைப்பலகை என்னும் சொற்களை அறிவேன். ஆயினும் வழக்காடுவோர் சொல்லும் சொல்லிலேயே வழக்கைப் பதிவதுதான் முறை.)

இரு கருவிகளுக்கும் உள்ள வேறுபாடு நான் எண்ணியதைவிட அடிப்படையானது. மவுஸை நகர்த்திய தூரத்திற்கு ஏற்பக் குறி நகர்கிறது. கை நின்றால் குறியும் நிற்கிறது. அது விரலால் ஒன்றைச் சுட்டிக்காட்டுவது போன்றது. கண்ட்ரோலரில் அப்படியன்று. சிறு குச்சியைக் கட்டைவிரலால் ஒருபுறம் தள்ளினால், விடும்வரை பார்வை அப்புறமே திரும்பிக்கொண்டிருக்கும். எவ்வளவு தள்ளுகிறோம் என்பது வேகத்தை முடிவுசெய்கிறது. "பஸ் ஸ்டியரிங் மாதிரி சார். எங்க நிக்கணும்னு முன்னாடியே யோசிக்கணும்" என்றார் ஐயம்பெருமாள்.

நடப்பதில் நிலைமை தலைகீழ். கீபோர்டில் ஒரு விசைக்கு ஒரு திசை. அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிறுத்தம். கண்ட்ரோலரின் இடக்குச்சியால் எத்திசையிலும், எவ்வளவு மெதுவாகவும் நடக்கலாம். ஆக, ஒன்று கைக்கு நல்லது, மற்றது காலுக்கு நல்லது. துப்பாக்கி விளையாட்டில் கையே முதன்மை என்பதால் தகராறு வருகிறது.

முதல் நாள் ஆட்டத்தில் பெரும்பாலும் சுவரைச் சுட்டேன்.

பிப்ரவரி 7, புதன்

மவுஸின் கீழிருந்த மேட் தேய்ந்திருப்பதாகக் கருதி மாற்றச் சொன்னேன். பலனில்லை.

வங்கியிலிருந்து காசோலை திரும்பியது, கையொப்பம் ஒத்துப்போகவில்லையாம். அவர்களுடைய ஸ்கேனரைச் சரிபார்க்கும்படி எழுத வேண்டும்.

பிப்ரவரி 8, வியாழன்

இன்றும் பயிற்சி. கண்ட்ரோலர் எனக்கு எளிதாகப் பழகுகிறது. மவுஸ் அடங்க மறுக்கிறது. ஐம்பது வயதில் இருபது ஆண்டு அனுபவமுள்ள கருவியில் தோற்று, மூன்று நாள் பழகிய கருவியில் தேறுவது ஆய்வுக்குரிய செய்தி.

வீட்டில் காபி டபராவின் அடிப்பாகம் சமமாக இல்லை. தூக்கும்போது டம்ளரில் மோதி ஒலியெழுப்புகிறது. வடிவிடம் சொன்னேன். என் மனைவி வடிவு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவள். பதில்களைச் சுருக்கமாகத் தருபவள்.

"டபராவ போன மாசம்தான் மாத்துனோம். அதுக்கு முந்தி பேனாவ மாத்துனிய. இனி வீட்டையும் மாத்திருவமா?"

கேலி என்று எடுத்துக்கொண்டேன். சற்று நேரம் கழித்து, "ஏங்க, ஒரு எட்டு டாக்டர்ட்ட போயிட்டு வந்துருவோமே" என்றாள். எதற்கு என்று கேட்டேன். ரசத்தை ஊற்றினாள்.

இவ்வாண்டு நாட்குறிப்பில் ஒரு பக்கத்திற்கு முன்னைவிட மிகுதியாக எழுத முடிகிறது. கோடுகளை நெருக்கி அச்சிட்டிருக்கிறார்கள் போலும்.

பிப்ரவரி 9, வெள்ளி

இரு தரப்பையும் விசாரித்தேன். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடலாகாது என்பதை முதலிலேயே அறிவித்தேன்.

பிரணவ்: "பரீட்சைல ஒருத்தனுக்கு மட்டும் பின்னாடி வாத்தியாரு நின்னு, 'இங்கன எழுது, இங்கன எழுது'ன்னு கைய புடிச்சி இழுத்துவிடுத மாதிரி சார் அது. அவ சும்மா கிட்ட கொண்டுபோனா போதும், குறி தானா ஒட்டிக்கிடும்."

பெனிட்டா: "ஒட்டாது சார். கிட்ட வந்தா கொஞ்சம் ஸ்லோ ஆகும், அவ்வளவுதான். அவன் முழுக் கையால குறி பாக்கான். நான் ஒரு கட்டைவிரலால பாக்கேன். அந்த வித்தியாசத்துக்குத்தான் கேம் செஞ்சவனே அத வச்சிருக்கான்."

"மவுஸே பழக வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது சார். அண்ணன் கப்பல்ல இருந்து வரும்போது செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேம் பெட்டி கொண்டாந்தான். டிவில மாட்டி ஏழு வருசமா ஆடுதேன். இப்போ போயி மவுஸ்னா, வலக்கைக்காரங்கள இடக்கையால பரீட்சை எழுதச் சொல்லுத மாதிரி."

பிரணவ் குறுக்கிட்டான்: "அதுக்கு நான் என்ன செய்ய? எங்கப்பா லோன் போட்டு வாங்குன கம்ப்யூட்டர் என் தப்பா?"

"உன் தப்புன்னு யாரு சொன்னா? வாய மூடிட்டு இருடே."

நடத்தை விதியை நினைவூட்டினேன். "சாரி சார்" என்றாள் பெனிட்டா. "அவன் மூஞ்சி பேச வைக்குது."

இருவரும் எம்.சி.ஏ. இடத்திற்காகவே வந்திருக்கிறார்கள் என்பதையும், இருவரும் அதை ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10, சனி

சோதனை நடத்தினேன். முறை: அசையாத இலக்கு ஒன்றைத் திரையில் நிறுத்தி, குறியை அதன் நடுவில் கொண்டுவந்து அப்படியே வைத்திருக்க வேண்டும். எய்ம் அசிஸ்ட் அணைக்கப்பட்டது. இலக்கின்மீது குறி எவ்வளவு நேரம் தங்கியது என்று பயிற்சிக் களமே கணக்கிட்டுக் காட்டும். சோதனை செய்தவர் நானே. தரப்பினர் கையில் அளவுகோலைக் கொடுக்கலாகாது.

முடிவு ஐயத்திற்கு இடமின்றி இருந்தது. கண்ட்ரோலரில் குறி ஏறக்குறைய முழு நேரமும் இலக்கில் நின்றது. மவுஸில் பாதி நேரம்கூட நிற்கவில்லை; சிறு சிறு அசைவாக விலகிக்கொண்டே இருந்தது. வேறு மவுஸ் மாற்றினேன், வேறு மேசைக்கும் போனேன். அதே முடிவு.

பிப்ரவரி 12, திங்கள்

ஆணை பிறப்பித்தேன். சாரம்: மவுஸ் இயல்பிலேயே நிலைகுலையும் கருவி, கண்ட்ரோலர் இயல்பிலேயே நிலையானது. நிலையான கருவிக்கு மேலும் துணை வழங்குவது இருமடங்குச் சலுகையாகும். ஆகவே கண்ட்ரோலருக்கு அனுமதி உண்டு. எய்ம் அசிஸ்ட் அணைக்கப்பட வேண்டும்.

ஐயம்பெருமாள் படித்துவிட்டு, "நெட்ல எல்லாவனும் தலைகீழாத்தான சார் சொல்லுதான்" என்றார். நெட்டில் சொல்பவர்கள் சோதனை நடத்தியிருக்க மாட்டார்கள் என்றேன்.

பிப்ரவரி 14, புதன்

புதிய ஆணையின்படி ஓர் ஒத்திகை ஆட்டம், பக்கத்துக்கு நால்வர். பின்வரிசையிலிருந்து பார்த்தேன்.

பெனிட்டாவின் நகர்வு அழகு. எங்கே நிற்க வேண்டும், எந்த மூலையில் எட்டிப்பார்க்க வேண்டும் என்பதெல்லாம் மற்ற எழுவரையும் விட அவளுக்குத்தான் தெரிகிறது. ஆனால் சுட வேண்டிய கணத்தில் குறி எதிரியைத் தாண்டிப் போகிறது. திருப்பிக் கொண்டுவருவதற்குள் அவள் சுடப்படுகிறாள். ஒவ்வொரு முறையும் அதே. இறுதியில் எட்டுப் பேரில் கடைசியாக நின்றாள். போன வாரம் வரை முதலிடமாம்.

நிலையான கருவி என்று நான் கண்டறிந்தது ஏன் அவள் கையில் நிலையாக இல்லை? பதற்றமாக இருக்கலாம்.

பிரணவ் வெற்றியைக் கொண்டாடவில்லை. தலையைக் குனிந்தபடி ஹெட்போனைச் சுருட்டி வைத்தான்.

பிப்ரவரி 15, வியாழன்

பெனிட்டா மறுபரிசீலனை மனுவுடன் அலுவலகம் வந்தாள். "சார், நீங்க டெஸ்ட் பண்ணுனத நான் ஒரு தடவ பாக்கலாமா?"

பார்க்கலாம். சோதனை முறை மறைபொருள் அன்று. விடைத்தாள் நகலைக் கேட்கும் உரிமை போன்றதே இதுவும். கூடத்திற்கு அழைத்துச் சென்று, அதே இலக்கை நிறுத்தி, மவுஸில் கை வைத்தேன்.

"இப்போ நீங்க அசைக்கீங்களா சார்?"

"இல்லை. அசைக்காமல் வைத்திருக்கிறேன். பார், குறி தானாக விலகுகிறது."

"கைய எடுங்க சார்."

எடுத்தேன். குறி நின்றது.

"வைங்க."

வைத்தேன். விலகியது. "இதைத்தான் கருவியின் குறை என்கிறேன்" என்றேன்.

அவள் என் பக்கமிருந்து மவுஸை மெல்ல நகர்த்தித் தன் கையில் பிடித்தாள். மவுஸ் பழகாதவள். குறி இலக்கின் நடுவில் ஆணி அடித்தது போல் நின்றது. மறுபடி என் பக்கம் நகர்த்தினாள். நான் பிடித்தேன். இம்முறை அவள் திரையைப் பார்க்கவில்லை.

பிறகு, "ரூம்ல ஏசி ஜாஸ்தி சார். அதான்" என்றாள்.

ஏசி அணைக்கப்பட்டிருந்தது.

பிப்ரவரி 16, வெள்ளி

பெனிட்டா மனுவைத் திரும்பப் பெற்றாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தாள்.

"மவுஸே பழகிக்கிடுதேன் சார். இன்னும் ஒரு வாரம் இருக்குல்லா."

ஒரு வாரத்தில் இயலாது என்பதை ஒத்திகை பார்த்த எவரும் அறிவர். அவளும் அறிவாள். வாசல்வரை போய்த் திரும்பி, "சார், நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. திரும்பப் பெற்ற மனுவின்மீது நடவடிக்கை தேவையில்லை. கோப்பு முடிந்தது.

பிப்ரவரி 17, சனி

விடுமுறை. கல்லூரிக்குச் சென்று கூடத்தைத் திறக்கச் சொன்னேன். ஐயம்பெருமாளை டீ குடித்து வருமாறு அனுப்பினேன்.

சோதனையில் ஒரு கட்டுப்பாடு விடுபட்டிருந்தது. கருவியை மாற்றினேன், மேட்டை மாற்றினேன், மேசையை மாற்றினேன். கையை மாற்றவில்லை. மவுஸை இடப்புறம் வைத்து இடக்கையால் பிடித்தேன். இந்தக் கை மவுஸ் தொட்டதே கிடையாது. குறியை இலக்குக்குக் கொண்டுபோகவே தடுமாறியது. கொண்டுபோனபின் குறி நின்றது. வலக்கைக்கு மாற்றினேன். விலகியது. நிச்சயப்படுத்திக்கொள்ள மேலும் சில முறை மாற்றிமாற்றிச் செய்தேன். தேவையைவிட அதிகமாகவே செய்தேன்.

ஐயம்பெருமாள் திரும்பியதும் ஒரு கேள்வி கேட்டேன்: கண்ட்ரோலரில் இவ்வசைவு ஏன் தெரியவில்லை?

"டெட் ஸோன் சார். குச்சிய ரொம்பச் சின்னதா அசைச்சா கணக்குலயே எடுத்துக்காது. இல்லன்னா விரல் லேசா பட்டாலே சுத்த ஆரம்பிச்சிருமே."

ஆக, கண்ட்ரோலர் நிலையான கருவி அன்று. சிறு குறைகளைக் கண்டும் காணாமல் விடும் கருவி. மவுஸ் உள்ளதை உள்ளபடி சொல்லும் கருவி. என் ஆணை இரண்டையும் தலைகீழாக எழுதியிருக்கிறது.

மாலையில் வடிவிடம், "என் வலக்கை நடுங்குகிறது" என்றேன்.

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"கொலு அடுக்கும்போதே. சொன்னா பொம்மைக்குக் கால் சரியில்லம்பிய." சற்றுப் பொறுத்து, "திங்கட்கிழமை ஸ்கூலுக்கு லீவு சொல்லட்டா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 19, திங்கள்

முதல்வரைச் சந்தித்து, 12ஆம் தேதி ஆணையை நீக்கப் போவதாகவும், சோதனையை மீண்டும் நடத்தப் போவதாகவும் தெரிவித்தேன். காரணத்தையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பொண்ணுதான் மனுவ வாபஸ் வாங்கிட்டால்லா? அப்பொறம் என்ன?"

"மனு இல்லை. பிழை இருக்கிறது."

"சரி, 'தொழில்நுட்பக் காரணங்களால்'னு ஒரு வரி போட்டு மாத்திருங்க. முடிஞ்சுபோச்சு."

"அது பொய்."

"பொய் இல்ல குற்றாலிங்கம், சுருக்கம்." குரலைத் தணித்துக்கொண்டார். "நாளைக்கு ஆயிரம் மார்க் ஷீட்ல கையெழுத்துப் போட வேண்டிய ஆளு நீங்க. நோட்டீஸ் போர்டுல இப்படி ஒண்ண ஒட்டுனா, ஒருத்தன் போனமுறை போட்ட கையெழுத்து செல்லுமான்னு கேப்பான். யோசிங்க."

யோசித்துவிட்டேன் என்றேன். காரணம் கூறாத ஆணையை நான் இதுவரை பிறப்பித்ததில்லை. பிறர் பிறப்பித்தபோது கண்டித்திருக்கிறேன். மருத்துவரின் கருத்து தெரியும்வரை மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிடும் அதிகாரத்தைத் துணை அலுவலருக்கு மாற்றித்தருமாறு கோரிக்கையும் கொடுத்தேன். அவர் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மறுசோதனை. இம்முறை நான் கண்காணிப்பாளர் மட்டுமே. இரு தரப்பினரும் இரு கருவிகளிலும், எய்ம் அசிஸ்ட்டுடனும் அது இல்லாமலும், ஒருவர் எதிரில் மற்றவர் செய்ய வேண்டும். பெனிட்டா வர மறுத்தாள். ஐயம்பெருமாள் போய் அழைத்துவந்தார்.

பிரணவ் கண்ட்ரோலரை எடுத்ததும் கூடமே சிரித்தது. வானத்தைச் சுட்டான், தன் காலைச் சுட்டான், பிறகு சுற்றிச் சுற்றி வந்தான்.

"டேய், எதிரி இந்தப் பக்கம் இருக்கான்" என்றாள் பெனிட்டா.

"தெரியுது. நிறுத்த முடியல. சார், இது வழுக்குது சார்."

"வழுக்கல. உனக்கு விரல் இல்ல."

எய்ம் அசிஸ்ட்டைப் போட்டுக் கொடுத்தோம். இலக்கில் சில குண்டுகள் படத் தொடங்கின. ஆனால் மவுஸில் அவன் எடுத்த அளவில் பாதிகூட இல்லை. பெனிட்டாவுக்கோ, எய்ம் அசிஸ்ட்டுடன் கண்ட்ரோலரில் வந்த அளவு, பிரணவுக்கு மவுஸில் வந்த அளவுக்குச் சற்றுக் கீழே. அணைத்தால் அது மிகவும் சரிந்தது. பெரியதொரு ஆதாயம் எந்தப் பக்கமும் இல்லை. மிக அருகில் நடக்கும் சண்டையில் மட்டும் கண்ட்ரோலர் சற்று முந்துகிறது. தொலைவில் மவுஸ் முந்துகிறது.

ஏதேனும் சொல்ல விரும்புகிறாயா என்று பிரணவைக் கேட்டேன். கண்ட்ரோலரை மேசையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிட்டத்துல அது கொஞ்சம் ஓவர்தான் சார், அத நான் விட மாட்டேன். ஆனா அது இல்லாம இத வச்சி மனுசன் ஆட முடியாது."

இதைப் பதிவில் சேர்க்கலாமா என்று கேட்டேன். தனக்கு எதிரான வாக்குமூலம் என்பதையும் விளக்கினேன்.

"சேருங்க சார். நான் மவுஸ்ல அவள அடிச்சிக்கிடுதேன்."

"வாடே, பாப்போம்" என்றாள் பெனிட்டா.

பிப்ரவரி 21, புதன்

ஆணையை எழுதினேன். முக்கியமான பத்தி மட்டும் இங்கே:

'12ஆம் தேதிய ஆணை முற்றிலும் நீக்கப்படுகிறது. அதற்கு அடிப்படையான சோதனையைச் செய்தவர் இவ்வாணையில் கையொப்பமிடும் அலுவலர். அவருடைய வலக்கை நடுக்கமுடையது என்பதும், மவுஸின் குறையாக அவர் பதிந்தது அந்நடுக்கமே என்பதும் பின்னர் அறியப்பட்டன. மறுசோதனையின்படி, எய்ம் அசிஸ்ட் விளையாட்டில் இயல்பாக உள்ள அளவிலேயே அனுமதிக்கப்படுகிறது. கூட்டவோ குறைக்கவோ கூடாது. தேர்வு ஆட்டம் 24ஆம் தேதி காலை பத்து மணிக்கு, கணினிக் கூடத்தில்.'

தட்டச்சு செய்த பெண் இரண்டாம் வாக்கியத்திற்குப் பிறகு நிறுத்தி என்னைப் பார்த்தாள். மூன்றாவதைச் சொன்னேன்.

முத்திரைக் கையொப்பம் போதுமே என்று முதல்வர் அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கையாலேயே போட்டேன். நேரம் பிடித்தது. சிறிதாக இருக்கிறது, படிக்க முடிகிறது.

பிப்ரவரி 22, வியாழன்

அறிவிப்புப் பலகையில் ஆணை ஒட்டப்பட்டது. படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று கவனித்தேன். ஏழெட்டு மாணவர்கள் கூடினர். ஒருவன் உரக்கப் படித்தான். நடுக்கம் பற்றிய வரி வந்தபோது குரல் சற்றுத் தணிந்தது. ஒருவன், "அப்படியாடே?" என்றான். இன்னொருவன், "செலக்‌ஷன் என்னைக்கு? அதப் படி முதல்ல" என்றான். தேதி கடைசி வரியில் இருந்தது. படித்ததும் கலைந்து சென்றார்கள்.

இந்த வரியை எழுத நான் எடுத்துக்கொண்ட நாட்களையும், அவர்கள் அதைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். தேதியை மேலே போட்டிருக்க வேண்டும்.

பிற்பகலில் பெனிட்டா அலுவலகத்திற்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏன் சார் எழுதுனீங்க? நான்தான் விட்டுட்டேன்னு சொன்னேன்லா."

"நீ விட்டது உன் உரிமையை. அதற்கு உனக்கு அதிகாரம் உண்டு. என் பிழையை விட்டுத்தர உனக்கு அதிகாரமில்லை."

"எல்லாரும் படிக்காங்க சார்."

"அறிவிப்புப் பலகை அதற்காகத்தான்."

அவள் அழப் போகிறாள் என்று நினைத்தேன். கோபமாக இருந்தாள். "எங்க அம்மா கேட்டா நான் என்ன சொல்லட்டும்? ஒரு சாரு கைய நோட்டீஸ்ல போட்டு எனக்கு சீட்டு வாங்குனேன்னா?"

"இன்னும் வாங்கவில்லை. சனிக்கிழமை பிரணவை வெல்ல வேண்டும்."

திரும்பி நடந்தாள். வாசலில் நின்று, "டாக்டர்ட்ட போனீங்களா சார்?" என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன். "அன்னைக்கா?" என்றாள். நரம்பியல் மருத்துவர் எங்கள் ஊருக்குச் சனிக்கிழமை மட்டுமே வருகிறார் என்பதை விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 23, வெள்ளி

கையொப்ப அதிகாரம் துணை அலுவலருக்கு மாற்றப்பட்டது. மேசை இழுப்பறையின் சாவியை ஒப்படைத்தேன். பிற்பகல் முழுவதும் செய்வதற்கு ஒன்றுமில்லை. கணினிக் கூடத்திற்குப் போய்க் கண்ட்ரோலரில் சிறிது நேரம் ஆடினேன். காரணம் என்று எதுவும் பதிவதற்கில்லை.

பிப்ரவரி 24, சனி

மருத்துவமனையில் பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், பதினொன்றரைக்கும் அழைக்கவில்லை. வடிவு பள்ளி விடைத்தாள்களைக் கொண்டுவந்து மடியில் வைத்துத் திருத்தினாள். காத்திருப்போரில் பலர் ஒரு கையை மறு கையால் மூடி வைத்திருந்தார்கள். நான் வலக்கையை முழங்காலின்மீது வெளியே வைத்தேன்.

பன்னிரண்டு மணியளவில் ஐயம்பெருமாளிடமிருந்து செய்தி: 'கடைசி ரவுண்டு சார். சமமா நிக்குது.' அதன்பின் நெடுநேரம் ஒன்றுமில்லை. வடிவு சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, "யாரு ஜெயிக்கணும்னு நினைக்கிய?" என்று கேட்டாள். ஆணையிட்டவன் அதைச் சொல்லலாகாது என்றேன்.

"இங்கன நீங்க ஆபீசர் இல்ல. பேஷன்ட்டு. சொல்லலாம்."

சொன்னேன்.

சிறிது நேரத்தில் பெனிட்டாவின் செய்தி வந்தது: 'செலக்டட் சார். தூரத்துல நின்னு மூணு தடவ அடிச்சிட்டான். கடைசில கிட்ட போயிதான் முடிச்சேன். அவன் இப்பவும் ஓவர்ன்னுதான் சொல்லுதான்.' உடனே இன்னொன்று: 'டாக்டர் என்ன சொன்னாரு?'

'இன்னும் அழைக்கவில்லை' என்று பதில் எழுதினேன். விரல் இருமுறை தவறான எழுத்தில் பட்டது, திருத்தி அனுப்பினேன்.

அப்போது செவிலியர் என் பெயரை அழைத்தார். வடிவு விடைத்தாள்களைப் பையில் வைத்து எழுந்து, என் வலக்கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பொது இடத்தில் அது அவளுடைய வழக்கம் அன்று. கதவுவரை அப்படியே நடந்தோம்.

பிடியில் இருக்கையில் நடுக்கம் குறைகிறது. காரணத்தை மருத்துவரிடம் கேட்க எண்ணியிருந்தேன், கேட்கவில்லை.